டிவியில் பார்த்து வாங்கிய எடைக் குறைப்புப் பொடி: 19 நாள் ஆகிறது, நிறுத்தலாமா?

செக்காலை ஆச்சி | செவ்வாய், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி செக்காலையில் இருந்து எழுதுகிறேன். வயது 54. ரத்தக் கொதிப்புக்கு ஆறு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். சர்க்கரை இல்லை. உயரம் 155 சென்டிமீட்டர், போன மாத எடை 71.4 கிலோ.

வருடா வருடம் தையில் குன்றக்குடியில் இருந்து காவடிகளோடு பழனிக்கு நடப்பவள் நான். போன தையில் சிங்கம்புணரி வருவதற்குள் முட்டி வீங்கிப் போய் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியாக மற்றவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அடுப்படி வேலை முடிந்து உட்காரும் பதினொரு மணிக்கு டிவியில் அந்த நிகழ்ச்சி வரும். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பேசுவார், எதிரே பெண்கள் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள், பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார்கள். மூலையில் சின்னதாக ‘விளம்பரம்’ என்று போட்டிருந்தது எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது. மிஸ்டு கால் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்றுதான் ஆரம்பித்தாள். மூன்று மாதத்துக்கு 11,700 ரூபாய், முதல் டப்பா 3,900. சிறுவாட்டுக் காசில் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது, சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கும் சொல்லவில்லை.

காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி பொடி, ராத்திரி இரண்டு மாத்திரை. மூன்றாம் நாளில் இருந்து தினமும் நான்கைந்து தடவை வயிறு போகிறது. எடை இன்று 66.9. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு நாளாக ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “உடம்பில் உள்ள நச்சு வெளியே போகுதும்மா, நிறுத்திடாதீங்க” என்கிறாள். நிறுத்தவா, தொடரவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு | செவ்வாய், இரவு 10:58

ஆச்சி, உடனே நிறுத்துங்கள். காலைக் கரண்டியும் வேண்டாம். என் சின்னாத்தாவும் இப்படித்தான் ஒன்று வாங்கிச் சாப்பிட்டு மயங்கி விழுந்தார்கள்.

கோட்டையூரான் | செவ்வாய், இரவு 11:15

எல்லாப் பொடியையும் ஒரே மாதிரி சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். நானும் டிவி பார்த்துத்தான் ஒரு ஷேக் வாங்கினேன். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் இளநீர் குடித்துப் பாருங்கள், படபடப்பு அடங்கும்.

தேவகோட்டை மருந்தாளுநர் | செவ்வாய், இரவு 11:32

ஆச்சி, மூன்று விஷயம் உடனே சொல்லுங்கள். ரத்தக் கொதிப்புக்கு எடுக்கும் மாத்திரைகளின் பெயர் என்ன? டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்னென்ன போட்டிருக்கிறது? தலை சுற்றுகிறதா?

இளநீர் குடித்துவிட்டுக் காத்திருக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வயிறு போய்க்கொண்டே இருந்து, கூடவே படபடப்பும் கால் இழுப்பும் வந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். அது இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ இந்த ராத்திரியிலேயே 108 கூப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் விடிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரி. இசிஜி, பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, இவ்வளவும் எடுக்கச் சொல்லுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அண்ணனை எழுப்பிச் சொல்லிவிடுங்கள் ஆச்சி. தனியாகப் படுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

செக்காலை ஆச்சி | செவ்வாய், இரவு 11:55

தம்பி, மயக்கம் இல்லை. எழுந்தால் லேசாகத் தலை சுற்றல் உண்டு. அவர்களை எழுப்பிச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. பட்டாலை விளக்கைப் போட்டு, ஐயா வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து டப்பாவை அவர்களே படித்தார்கள். அரிசி அளவுகூட இல்லை எழுத்து.

குடம்புளிச் சாறு, பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, அப்புறம் ‘காசியா அங்குஸ்டிஃபோலியா’ என்று ஒன்று. எது எவ்வளவு என்று போடவில்லை. எல்லாம் சேர்த்து ஒரே அளவு மட்டும்.

கொதிப்பு மாத்திரை இரண்டு. அம்லோடிபின் ஒன்று, ஹைட்ரோகுளோரோதயசைடு ஒன்று.

தேவகோட்டை மருந்தாளுநர் | புதன், நள்ளிரவு 12:10

விஷயம் அங்கேதான் இருக்கிறது.

காசியா அங்குஸ்டிஃபோலியா என்பது வேறொன்றுமில்லை, நம் நாட்டுமருந்துக் கடையில் விற்கும் நிலாவரை. திருநெல்வேலிச் சீமையில் விளைவதால் வெளிநாட்டுக்காரர்கள் ‘டின்னவேலி சென்னா’ என்பார்கள். மலச்சிக்கலுக்கு நாலைந்து நாள் எடுக்கும் பேதி மருந்து அது. தினமும் எடுத்தால் குடல் வழியாக நீரும் உப்பும் பொட்டாசியமும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கிக் கொதிப்பைக் குறைக்கிற மருந்து. அதுவும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை என்றால் குடத்தில் எப்படித் தண்ணீர் நிற்கும்?

தெரியாத பேரில் எழுதியிருந்ததால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. ‘நிலாவரை’ என்று தமிழில் போட்டிருந்தால் நீங்களே முதல் நாளில் டப்பாவை மூடி வைத்திருப்பீர்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

காலையில் கொதிப்பு மாத்திரையை எடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முகப்பு வாசல் | புதன், காலை 6:20

ராத்திரி முழுக்க இந்த இழையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி, ஆஸ்பத்திரி போய் வந்ததும் ஒரு வரி போடுங்கள்.

அதற்குள் ஒரு கணக்கு. நான் 31 வருடம் வங்கியில் இருந்தவன், எண்ணைப் பார்த்தால் கூட்டிக் கழிக்காமல் விடமாட்டேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். 19 நாளில் 4.5 கிலோ இறங்கியிருக்கிறது. அது முழுக்கக் கொழுப்பு என்றால் 34,650 கலோரி. நாளொன்றுக்கு 1,800-க்கு மேல். ஆச்சியின் வயதுக்கும் உடம்புக்கும் ஒரு நாள் செலவே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அதாவது 19 நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். ஆச்சி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர்.

கோட்டையூரான் | புதன், காலை 7:45

நேற்று இளநீர் என்று எழுதியது தப்பு. மன்னிக்க வேண்டும் ஆச்சி. மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று படித்துவிட்டும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

செக்காலை ஆச்சி | புதன், மாலை 5:30

பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். இசிஜியில் இதயத் துடிப்பு நடுநடுவே தாவுகிறது என்று சொல்லி இங்கேயே இரண்டு நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கையில் ஊசி குத்தியிருக்கிறது, ஒரு விரலால் எழுதுகிறேன். கல்லீரல் நன்றாக இருக்கிறது. டாக்டர் அம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேதி மருந்தைச் சாப்பிட்டுவிட்டு எடை குறைந்தது என்று தராசில் ஏறியிருக்கிறீர்கள்” என்றார்கள். சிறுநீர் மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிட்டார்கள்.

தேவகோட்டைத் தம்பிக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. நன்றாக இரு அப்பா.

பள்ளத்தூர்ப் பொண்ணு | புதன், மாலை 5:41

கொப்புடையம்மன் காப்பாற்றினாள். மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா ஆச்சி?

செக்காலை ஆச்சி | புதன், மாலை 5:50

வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்கள். வீடியோவில் அழுதாள். “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தேடிப் பார்த்திருப்பேனே ஆத்தா” என்றாள். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

முகப்பு வாசல் | புதன், இரவு 8:15

டப்பாவில் இருந்த மற்ற மூன்றைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இனி யாராவது தேடி வந்தால் உதவும்.

குடம்புளி நம் மீன் குழம்புக்குப் போடுவதுதான். அதில் உள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் கொழுப்பு சேராமல் தடுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் அந்த அமிலம், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரிச் சாப்பாடு. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் எடை குறைந்தது. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, சராசரியைப் பார்த்தால் போலி மாத்திரைக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. வேலை செய்தது சாப்பாட்டு மாற்றம்.

பச்சைக் காப்பிக்கொட்டையின் கதை டிவியோடே சேர்ந்தது. அமெரிக்காவில் டாக்டர் ஆஸ் என்ற புகழ்பெற்ற இதய அறுவை நிபுணர் தன் நிகழ்ச்சியில் 2012-இல் அதைப் புகழ்ந்தார். பின்னால் இருந்த ஆய்வு இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்து நடந்தது. ஆய்வின் எண்களையே நம்ப முடியாது என்று அங்கே உள்ள வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. இதெல்லாம் 2014-இல். அதே வருடம் ஜூனில் அந்த டாக்டரை செனட் குழு முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அதே காப்பிக்கொட்டை செக்காலைக்கு 3,900 ரூபாய்க்கு வந்து சேர்கிறது.

பச்சைத் தேயிலை குடிப்பதில் தப்பில்லை. அதன் சாற்றைக் கெட்டியாக்கி மாத்திரையில் அடைக்கும்போது சிலருக்குக் கல்லீரல் பாதிக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஆச்சிக்குக் கல்லீரல் தப்பியது நல்ல காலம்.

தேவகோட்டை மருந்தாளுநர் | புதன், இரவு 9:05

ஐயா நன்றாகச் சொன்னீர்கள். எனக்கு இன்னும் பெரிய பயம், டப்பாவில் எழுதாத சரக்கு. சிபுட்ரமின் என்று பசியை அடக்கும் மாத்திரை ஒன்று முன்பு டாக்டர் சீட்டில் வந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரிந்ததும் 2010-இல் அமெரிக்காவில் எடுத்துவிட்டார்கள், 2011-இல் இந்தியாவிலும் தடை. ஆனால் ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற எத்தனையோ எடைக் குறைப்பு மாத்திரைகளில் அதைக் கலந்திருந்ததை வெளிநாட்டுச் சோதனைக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. கொதிப்பு உள்ளவருக்கு அது விஷம் மாதிரி.

என் கடைக்கு வருகிறவர்கள் டிவிப் பொடியைப் பற்றிக் கேட்கும்போது முதலில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அதிலும் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த எண் உணவுப் பொருள் என்பதற்கான உரிமம், எடை குறையும் என்பதற்கான சான்று இல்லை. அதே டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் இருக்கும். டிவியில் மருந்து மாதிரி பேசுகிறார்கள், டப்பாவில் மருந்து இல்லை என்று எழுதுகிறார்கள்.

கோட்டையூரான் | வியாழன், காலை 7:10

முகப்பு வாசல் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மூன்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுப்பது என் வழக்கம். ஷேக் ஆரம்பித்ததில் இருந்து ஏழு மணிக்கு அதை மட்டும் குடித்தேன், பரோட்டா நின்றது. அப்படியென்றால் என் 6 கிலோவும் பரோட்டா நின்றதால்தானா?

முகப்பு வாசல் | வியாழன், காலை 7:40

பெரும்பாலும் அதுதான் தம்பி. ஷேக் கெடுதல் செய்யவில்லை, நல்லது. ஆனால் மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

கோட்டையூரான் | வியாழன், காலை 7:52

4,200. நிறுத்திய மாதமே 2 கிலோ திரும்பியது. பரோட்டாவும் திரும்பியிருந்தது.

புதுவயல் அடுப்படி | வியாழன், காலை 10:30

கல்யாணச் சமையல் எங்கள் தொழில், மூன்று தலைமுறையாக. எடை என்றாலே செட்டிநாட்டுச் சாப்பாட்டின் மேல் பழி போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் ஆயா காலத்தில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் விசேஷத்துக்குத்தான். தினப்படிக்குச் சோறு, இளங்குழம்பு, காய், கீரை மண்டி. வேலையும் அப்படி. உலக்கை, அம்மி, இரண்டு கட்டு வளவைக் கூட்டிப் பெருக்குவது, ஊருணியில் இருந்து தண்ணீர். இப்போது பலகாரம் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் தேன்குழலும் மனகோலமும் அதிரசமும் தூக்குச் சட்டியில் வரும், அது தீர்வதற்குள் அடுத்த கல்யாணம். டிவி முன்னால் உட்கார்ந்து தேன்குழலை ஒடித்து ஒடித்து வாயில் போடும்போது கணக்குத் தெரியாது.

ஆச்சி, உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்?

செக்காலை ஆச்சி | வியாழன், பகல் 12:15

நான்கு. யாராவது வந்தால் ஐந்து.

முகப்பு வாசல் | வியாழன், பகல் 12:50

ஒரு லிட்டர் எண்ணெய் 8,000 கலோரிக்கு மேல். நான்கு லிட்டரை இரண்டாக்கினால் மாதம் 16,000, ஒரு ஆளுக்கு 8,000. அதாவது மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் ஒருவருக்கு மாதம் ஒரு கிலோ அளவுக்குக் கணக்கு வருகிறது. நிஜத்தில் கொஞ்சம் கம்மியாகத்தான் இறங்கும். டிவியில் சொல்கிற வேகம் இதில் இல்லை. ஆனால் இறங்கியது நாலு நாளில் திரும்பாது.

புதுவயல் அடுப்படி | வியாழன், பகல் 1:20

தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காதீர்கள். காலையிலேயே அன்றைய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள். ராத்திரி வரை அந்தக் கிண்ணம்தான். இரண்டு லிட்டரில் நல்ல ருசியாகவே சமைக்கலாம். மிளகும் சோம்பும் கையில் இருக்கும்போது எண்ணெயை ஏன் நம்ப வேண்டும்? கத்தரிக்காயைப் பொரிக்காமல் புளித்தண்ணீரில் வேகவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் சுற்றி இறக்கிப் பாருங்கள், வாசனை மேலேயே நிற்கும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு | வியாழன், மாலை 4:35

பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறதா? சின்னாத்தா விஷயத்தில் நாங்கள் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டோம், பிறகு எதுவும் செய்ய முடியவில்லை.

முகப்பு வாசல் | வியாழன், மாலை 6:00

டப்பா, ரசீது, கூரியர் உறை, ஆஸ்பத்திரி அறிக்கை, எதையும் போட்டுவிடாதீர்கள். பாதி டப்பா அப்படியே மூடி இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பொருள் பற்றிய புகார் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு, நமக்கு அது சிவகங்கையில். மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

சட்டம் பல்லில்லாமல் இல்லை. 1954-ஆம் வருடத்து மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில், மருந்து என்று சொல்லி விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலிலேயே உடல் பருமன் இருக்கிறது. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம், விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் சேர்த்து. ஆனால் புகார் போனால்தானே? நம் பெண்கள் சிறுவாட்டுக் காசு போனது வெளியே தெரியக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆச்சி தனக்கு நேர்ந்ததை இங்கே எழுதியதே பெரிய காரியம்.

செக்காலை ஆச்சி | ஞாயிறு, காலை 9:20

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். பொட்டாசியம் 3.9. எடை 69.8, முகப்பு வாசல் அண்ணன் சொன்ன தண்ணீர் திரும்பிவிட்டது. படபடப்பு இல்லை, இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நேற்று அந்தப் பெண் கூப்பிட்டாள். அடுத்த டப்பா கிளம்பிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் “மேலதிகாரியிடம் பேசுங்கள்” என்று ஒரு ஆணிடம் கொடுத்தாள். அவர் “உங்கள் கொதிப்பு மாத்திரையால்தான் வந்தது” என்றார். வீட்டுக்காரர் போனை வாங்கி, “மாத்திரை சாப்பிடுகிறாள் என்று முதல் நாளே உங்களிடம் சொன்னாளா இல்லையா?” என்று மட்டும் கேட்டார்கள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். நான் சொல்லியிருந்தேன். “பரவாயில்லைம்மா, இது மூலிகைதான்” என்றுதான் அன்றைக்குப் பதில் வந்தது.

1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்தாயிற்று. சிவகங்கைக்குத் திங்கட்கிழமை போகிறோம். கூரியர் வந்தால் வாங்காமல் திருப்பச் சொல்லி வாசலில் சொல்லி வைத்திருக்கிறேன்.

முட்டிக்கு எலும்பு டாக்டர் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் மாதம் சமதளத்தில் இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். வளவைச் சுற்றி நடக்கிறேன். ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் அடுப்படி மாடத்தில் உட்கார்ந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒரு கரண்டி மிச்சம்.

தேவகோட்டை மருந்தாளுநர் | ஞாயிறு, காலை 9:48

சந்தோஷம் ஆச்சி. ஒரு வாரம் கழித்துப் பொட்டாசியம் மறுபடி பாருங்கள். டப்பா லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? கடையில் ஒட்டி வைக்கிறேன், நிலாவரை என்ற இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு.

செக்காலை ஆச்சி | ஞாயிறு, காலை 10:05

பேரன் வந்ததும் எடுத்துப் போடச் சொல்கிறேன் தம்பி. கம்பெனி பேர் தெரியாதபடி மறைத்துவிட்டு மற்றதெல்லாம் வரும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு | ஞாயிறு, காலை 10:22

ஆச்சி, தைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. டாக்டர் சரி என்றதும் சொல்லுங்கள், காலையில் அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் நானும் உங்களோடு நடக்க வருகிறேன்.